மலேசியா, சிங்கப்பூர் சுற்றுப்பயணம்: பெற்றோருக்கு சிம் அங்கே வாங்குவதா, இங்கிருந்தே கொடுத்தனுப்புவதா?

கேள்வி: புதூர்க்காரன் (கோ.புதூர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் ஒரு குழுவோடு மலேசியா, சிங்கப்பூர் செல்கிறார்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம்; பத்துமலை முதலான இடங்களைப் பார்த்த பிறகு பேருந்தில் சிங்கப்பூர்; அங்கிருந்து மறுபடியும் விமானத்தில் திருச்சி என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இருவருக்கும் இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காததால் நான் உடன் செல்ல முடியவில்லை.

அம்மாவிடம் ஓர் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது; வாட்ஸ்அப் அழைப்பு, புகைப்படம் ஆகியவற்றை அவரே பார்த்துக்கொள்வார். அப்பா மேலூர்ப் பக்கம் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக ஒரே கீபேட் போன், ஒரே எண். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு உருளை முன்பதிவு எல்லாமே அந்த எண்ணோடுதான் இணைக்கப்பட்டுள்ளன. பயணத்தின்போது இணையத்தில் அட்டையைப் பயன்படுத்த நேர்ந்தாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பயண ஏற்பாட்டாளர், "இங்கேயே எங்களிடம் ஒரு வெளிநாட்டு சிம் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே போய் அலையத் தேவையில்லை" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதா, கோலாலம்பூரில் இறங்கியதும் ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொள்ளச் சொல்வதா? இந்திய எண்களை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கடல்தாண்டியவன் (திருமங்கலம், தற்போது சிங்கப்பூர்)

வணக்கம், தம்பி. இந்தப் பயணத்தில் சிம் வாங்குவதுதான் இருப்பதிலேயே எளிய வேலை. நீங்கள் கவலைப்பட வேண்டியது அப்பாவின் கீபேட் போனைப் பற்றித்தான்.

சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். 3ஜி சேவையும் 2024-இல் முடிவுக்கு வந்துவிட்டது. எனவே 2ஜி மட்டுமே உள்ள பழைய கீபேட் போனில், அது எவ்வளவு உறுதியான கருவியாக இருந்தாலும், இங்கே சிக்னல் வராது. உள்ளூர் சிம்மைப் போட்டாலும் வராது, இந்திய சிம்மை ரோமிங்கில், அதாவது வெளிநாட்டு நிறுவனத்தின் கோபுரம் வழியாக இயங்கும்படி, வைத்தாலும் வராது. அதாவது அப்பாவின் எண்ணுக்கு வரும் ஓடிபியும் வந்து சேராது. மலேசியாவிலோ 3ஜியை 2021 இறுதியில் நிறுத்தியபோதும் 2ஜியை விட்டுவைத்திருக்கிறார்கள். ஆகவே கோலாலம்பூரில் இருக்கும்வரை அந்த போன் ஒழுங்காக வேலை செய்யும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்களும் இங்கே நிம்மதியாக இருப்பீர்கள், பேருந்து மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜோகூர் பாலத்தைத் தாண்டியதும் அது வெறும் கடிகாரமாகிவிடும். ஆகையால் அப்பாவின் சிம் பயணம் முழுவதும் 4ஜி போன் ஒன்றில் இருந்தாக வேண்டும். அந்த போனில் வோல்டிஇ எனப்படும் 4ஜி வழிக் குரல் அழைப்பு வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 4ஜி போன்கள் சில இணையத்துக்கு மட்டும் 4ஜியைப் பயன்படுத்திவிட்டு, சாதாரண அழைப்புக்கு 2ஜி, 3ஜியைத் தேடும்.

இனி சிம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனை முடிந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யூ மொபைல் ஆகிய மலேசிய சிம் சேவைகளின் கவுண்டர்கள் இருக்கும். கடவுச்சீட்டைக் கொடுத்தால் அதைப் பதிவு செய்துகொண்டு, சிம்மைப் போனில் போட்டு, இயங்கவும் வைத்துத் தருவார்கள். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே அம்மா உங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பார்க்கட்டும். அங்கே இருக்கும் பணியாளர் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடக்கூடிய சிறு கோளாறு, விடுதிக்குப் போன பிறகு என்றால் அரைநாளைத் தின்றுவிடும்.

சிங்கப்பூருக்கு விமானத்தில் வருபவர்களுக்குச் சாங்கி விமான நிலையத்தின் பணமாற்று முகப்புகளிலேயே சிம் கிடைக்கும். உங்கள் பெற்றோர் சாலை வழியாக வருகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. உட்லண்ட்ஸ் ஆனாலும் துவாஸ் ஆனாலும் எல்லைச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, வரிசையில் நிறுத்தி, மறுபடியும் பேருந்தில் ஏற்றுவார்கள். சிம் வாங்கிக்கொண்டிருக்க அங்கே நேரம் இராது. குழுவை விட்டு ஒருவர் பிரிந்துபோக வாய்ப்புள்ள இடமும் அதுவே என்பதால், அந்த நேரத்தில் போன் வேலை செய்தாக வேண்டும். ஆகவே கோலாலம்பூரில் வாங்கும்போதே, "சிங்கப்பூரிலும் டேட்டா வேலை செய்யும் திட்டம் எது?" என்று கேட்டு அதையே வாங்கச் சொல்லுங்கள். மலேசிய நிறுவனங்களின் சில திட்டங்களில் சிங்கப்பூர் ரோமிங்கும் சேர்ந்தே இருக்கிறது. அப்படி அமைந்தால் ஒரே சிம்மில் இரண்டு நாடும் முடிந்துவிடும். அமையாவிட்டால், சிங்கப்பூர் வந்த பிறகு சிராங்கூன் சாலைக் கடைகளில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். தமிழிலேயே பேசி வாங்கலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் மூன்று ப்ரீபெய்டு சிம் என்பது இங்குள்ள வரம்பு.

நூறு ஜிபி, இருநூறு ஜிபி என்று விளம்பரத் தட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசுவதற்கும் வரைபடம் பார்ப்பதற்கும் இருப்பதில் சிறிய திட்டமே மிச்சம்தான்.

பதில் 2: சிம்தட்டு (மொபைல் கடை, டவுன் ஹால் ரோடு பக்கம்)

மேலே உள்ள நண்பர் சொன்னது சரி. ஆனால் அப்பாவின் சிம்மை எடுத்து ஆண்ட்ராய்டு போனில் போடுவது என்பது சொல்லும் அளவுக்கு எளிதாக இருக்காது. பழைய கீபேட் போன்களில் பெரும்பாலும் பெரிய அளவு சிம்தான் இருக்கும். இப்போதைய போன்களுக்குத் தேவைப்படுவது 12.3 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நானோ சிம். வெட்டித் தரும்படி கடைக்கு வருகிறார்கள். அண்மையில் வாங்கிய அட்டையாக இருந்தால் நானோ அளவுக்கு ஏற்கெனவே கோடு கீறியிருக்கும். விரலால் அழுத்தினாலே கழன்று வந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முந்தைய அட்டையில் அந்தப் பொன்னிறத் தகடே நானோ அளவை விடப் பெரிதாக இருக்கும், தடிமனும் கூடுதலாக இருக்கும். அதைக் கட்டரில் வைத்து வெட்டினால் போனின் சிம் தட்டில் சிக்கிக்கொள்ளும், சில நேரங்களில் அட்டையே செத்துப்போகும். நான் அத்தகைய அட்டைகளை வெட்டித் தருவதில்லை.

சேவை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அப்பாவையே அழைத்துச் சென்று, ஆதாரைக் காட்டி, அதே எண்ணுக்குப் புதிய 4ஜி நானோ சிம் வாங்கிவிடுவதுதான் முறை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிம்மை மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் குறுஞ்செய்தி வராது, அனுப்பவும் முடியாது. சிம்மை மாற்றி மோசடி செய்வதைத் தடுப்பதற்காகத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. எனவே புறப்படுவதற்கு முந்தைய நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்து, வங்கியிலிருந்து ஓடிபி வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, அம்மாவின் போனில் உள்ள தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். பல போன்களில் இரண்டாவது குழியில் ஒன்று சிம் வைக்கலாம், அல்லது மெமரி கார்டு வைக்கலாம். இரண்டையும் வைக்க முடியாது. மெமரி கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதில் உள்ள படங்களை முதலில் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். தட்டைத் திறக்கும் ஊசியை அம்மாவின் பணப்பையிலேயே போட்டுவிடுங்கள். விமானத்தில் வந்து இறங்கியவர்கள் ஊசி இல்லாமல், காதுத் தோட்டைக் கழற்றி அதன் தண்டை விட்டுக் குத்தித் தட்டைத் திறந்த கதைகளைக் கடையில் கேட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு கீபேட் போன்தான் பழக்கம் என்று ஜியோபாரத் போல ஒரு 4ஜி கீபேட் போனை வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், அது ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும் என்பதை நினைவில் வையுங்கள். மலேசிய சிம் அதில் வேலை செய்யாது.

பதில் 3: வைகை வடகரை (செல்லூர்)

என் கருத்து சற்று மாறுபட்டது. முதல்முறை வெளிநாடு செல்லும் மூத்தவர்கள், விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கிய களைப்பில், குழுவினர் வெளியே காத்திருக்கும்போது, கவுண்டரில் நின்று திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நமக்குத் தோன்றுவது போல எளிதான காரியமாக இருக்காது. ஒரு வாரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால், அம்மாவின் இந்திய எண்ணிலேயே ரோமிங் பேக் போட்டு அனுப்புங்கள். விலை உள்ளூர் சிம்மை விடக் கூடுதல்தான். ஆனால் அதே எண், அதே போன், புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. மேலும் அந்தத் தட்டில் அம்மாவின் சிம்முக்குப் பக்கத்தில் அப்பாவின் சிம்மையும் வைத்துவிடலாம். மலேசிய சிம் வாங்கினால் மூன்று சிம்முக்கு இரண்டு குழிதான் இருக்கிறது என்பதை மேலே யாரும் குறிப்பிடவில்லை!

பேக் போடும்போது அதன் பட்டியலில் மலேசியா, சிங்கப்பூர் இரண்டும் இருக்கின்றனவா என்று தனித்தனியாகப் பாருங்கள்.

புதூர்க்காரன்

மூவருக்கும் நன்றி. அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தேன். 2ஜி மட்டுமே உள்ள கருவி, பெரிய அளவு சிம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குச் சென்று அவரை அழைத்து வருகிறேன். மூன்று சிம், இரண்டு குழி என்ற கணக்கை நானும் யோசிக்கவில்லை. வீட்டில் என்னுடைய பழைய 4ஜி போன் ஒன்று இருக்கிறது. அதை அப்பாவுக்குக் கொடுக்கலாமா? அம்மா மலேசிய சிம்முக்கு மாறினால் வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா? பயண ஏற்பாட்டாளரின் சிம் பற்றி யாரும் சொல்லவில்லை. இ-சிம் என்று ஒன்றை விளம்பரத்தில் பார்க்கிறேனே, அது நமக்கு உதவுமா?

பதில் 4: கடல்தாண்டியவன்

பழைய 4ஜி போனைத் தாராளமாகக் கொடுங்கள். அப்பாவின் இந்திய சிம் அதில் இருக்கட்டும். மொபைல் டேட்டா, டேட்டா ரோமிங் இரண்டையும் அணைத்துவிட்டு, பன்னாட்டு ரோமிங் சேவையை மட்டும் அந்த எண்ணில் இயக்கி வையுங்கள். இதை நிறுவனத்தின் செயலியிலோ அலுவலகத்திலோ புறப்படும் முன்பே செய்ய வேண்டும். அங்கே போன பிறகு செய்ய முயன்றால், அதற்கான ஓடிபியே வந்து சேராமல் போகலாம். ரீசார்ஜின் காலாவதி நாள் அவர்கள் திரும்பி வந்த பிறகு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உள்வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாக நம் நிறுவனங்கள் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனால் உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் உண்டு. ஊரிலிருந்து உறவினர் யாரோ "எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டு அழைப்பார், அப்பா எடுத்துப் பேசுவார், நிமிடக் கணக்கில் பணம் போகும். அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது, அப்பாவிடம் எடுக்காதீர்கள் என்று சொல்வதை விடப் பயன் தரும்.

ரோமிங் என்றால் என்ன என்று அப்பா கேட்டால், தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு இலங்கை நிறுவனத்தின் வரவேற்புச் செய்தி வருகிறதே, அதைச் சொல்லுங்கள். உட்லண்ட்ஸ் பக்கமும் இப்படித்தான்; இரு நாடுகளுக்கும் இடையே உள்ள ஜலசந்தியின் அகலம் அங்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் என்பதால் சிங்கப்பூருக்குள் வந்த பிறகும் போன் சிறிது நேரம் மலேசியக் கோபுரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

வாட்ஸ்அப் எண் மாறாது. எண்ணை மாற்றவா என்று அது கேட்டால், வேண்டாம் என்று தொட்டுவிட்டால் போதும். அம்மாவின் இந்திய சிம்மைக் கழற்ற வேண்டாம். இரண்டாவது குழியில் மலேசிய சிம். மொபைல் டேட்டாவுக்கு மலேசிய சிம்மைத் தேர்ந்தெடுத்த பிறகு, சிக்னல் குறைந்தால் தானாகவே மற்ற சிம்முக்கு டேட்டாவை மாற்றும் வசதி ஒன்று அமைப்புகளில் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.

செல்லூர் நண்பர் சொன்ன ரோமிங் பேக்கையும் நான் மறுக்கவில்லை. அம்மா கவுண்டரில் பேசத் தயங்குபவர் என்றால் அதுவே நல்லது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் தயங்குபவராகத் தெரியவில்லை.

பதில் 5: சிம்தட்டு

ஏற்பாட்டாளரின் சிம் பற்றி. வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனத்தின் சிம் என்றால் கடவுச்சீட்டு நகல் வாங்குவார்கள், பெயர் போட்டு ரசீது தருவார்கள். இவை இரண்டும் இல்லாமல் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். முன்பு போய்வந்தவர்கள் திருப்பிக் கொடுத்த சிம்களை அடுத்த குழுவுக்குக் கொடுக்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அந்த சிம் வேறொருவர் கடவுச்சீட்டில் பதிவாகியிருக்கும். மோசடிக் கும்பல்களைக் கட்டுப்படுத்துவதற்காக, பிறர் பெயரில் உள்ள சிம்களைக் கைமாற்றித் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிரான கடுமையான சட்டப் பிரிவுகளை சிங்கப்பூர் 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த வம்புக்குள் போகவே வேண்டாம்.

இ-சிம் என்பது தட்டில் அட்டை எதுவும் போடாமல், போனுக்குள்ளேயே பதிவிறக்கிக்கொள்ளும் சிம். அது வேண்டுமானால் முதலில் அம்மாவின் போனில் *#06# அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ எனப்படும் போனின் அடையாள எண்களோடு இஐடி என்ற நீண்ட எண்ணும் வந்தால் இ-சிம் வசதி உண்டு. குறைந்த விலைப் போன்கள் பெரும்பாலானவற்றில் இராது. உரிய அனுமதியின்றி இ-சிம் விற்றதாக ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகியவற்றின் தளங்களை 2024 ஜனவரியில் இந்தியாவில் முடக்கினார்கள் என்பதால், விளம்பரத்தில் வரும் எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்தின் அலுவலகம் அன்று திறந்திருக்குமா என்று அழைத்துக் கேட்டுவிட்டு அழைத்து வாருங்கள். எண் அப்பாவின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு பழைய எண்கள் மகன் பெயரிலோ, அன்றைக்கு விற்ற கடைக்காரர் பெயரிலோகூட இருப்பதுண்டு. அப்படி இருந்தால் பெயர் மாற்றத்துக்குத் தனியாக நாள் பிடிக்கும்.