பிடி 100 சென்சருக்கு எப்படி உறை போடலாம்?

கொழும்பு மட்டக்குளியில் ஒரு சாய ஆலையில் பராமரிப்பு வேலை செய்கிறேன். வெந்நீர்க் குழாயில் உள்ள பிடி 100 (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் வெப்பநிலை சென்சர்) மழை நாட்களில் 5, 6 பாகை குறைவாகக் காட்டுகிறது. நேற்று சென்சரின் வயர்கள் இணையும் தலைப்பெட்டியைத் திறந்தேன். ஒரு தேக்கரண்டித் தண்ணீர், திருகுகளில் பச்சைக் களிம்பு. நூலளவு சூடு மாறினாலும் துணியின் நிறம் மாறிவிடும், மனம் கேட்கவில்லை. அத்தோடு, சூடு ஏறினாலும் சென்சர் மெதுவாகத்தான் காட்டுகிறது.

பதில்: தம்பி, கேபிள் மேலிருந்து இறங்குகிறதா? அந்த வழியாகத்தான் மழைநீர் வருகிறது. பெட்டியில் கேபிள் நுழையும் வாயைக் கீழ்ப்பக்கம் திருப்புங்கள், கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள். ஒரு பாகைக்கு சென்சரின் தடை 0.385 ஓம்தான் மாறும். முனைகளுக்கிடையே ஈரம் கசிந்தால் தடை குறைந்து சூடும் குறைவாகத் தெரியும். கடற்காற்றுக்கு 304 வகைத் துருப்பிடிக்காத எஃகை விட 316 வகை நல்லது.

பதில்: மெதுவாகக் காட்டுவதற்கு உறைக்குள் (சென்சரைக் காக்கக் குழாய்க்குள் இறக்கும், அடி மூடிய உலோகக் குழல்) இருக்கும் காற்றிடைவெளிதான் காரணமாக இருக்கும். சென்சர் நுனி அடியைத் தொடவேண்டும், ஸ்பிரிங் வைத்தது வாங்குங்கள். குழாய்க்குள் இறங்கும் நீளம் உறையின் விட்டத்தைப்போல 10 மடங்காவது இருக்கட்டும். வேகம் வேண்டுமென்று உறையை மட்டும் மெலிதாக்காதீர்கள். 1995 இல் ஜப்பானின் மொன்ஜு அணு உலையில் ஓட்டத்தின் அதிர்வால் இப்படியொரு உறை முறிந்துதான் சோடியம் கசிந்தது.

கேட்டவர்: நன்றி அண்ணா. கழற்றிப் பார்த்தேன், நுனிக்கும் அடிக்கும் இடையே 12 மில்லிமீற்றர் இடைவெளி! நாளை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஸ்பிரிங் தேடப் போகிறேன்.