மாதவன் சொல்லும் 'இந்துலேகா': நாயகன் ஊரில் இல்லாத அத்தியாயங்களை என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். ஒ. சந்துமேனோன் 1889-இல் மலையாளத்தில் எழுதிய 'இந்துலேகா' நாவலை, அதன் நாயகன் மாதவனே தன் கதையாகச் சொல்வதுபோலத் தமிழில் எழுதி வருகிறேன். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த எனக்கு இது நெடுநாள் ஆசை. குடும்பத்துச் சிறுவன் சின்னனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலம் படிக்க வைப்பது பற்றிக் காரணவர் (குடும்பத் தலைவர்) பஞ்சுமேனோனோடு மாதவன் மோதுவதும், அந்தக் கோபத்தில் அவர் தம் பேத்தியும் மாதவனின் காதலியுமான இந்துலேகாவை அவனுக்குத் தரமாட்டேன் என்று சூளுரைப்பதும் தடையின்றி வந்துவிட்டன.

அதன் பிறகுதான் திகைத்து நிற்கிறேன். செல்வரான சூரி நம்பூதிரிப்பாடு பெண் கேட்டு வருவதும், இந்துலேகாவிடம் மூக்குடைபடுவதும், இறுதியில் அதே குடும்பத்துப் பெண்ணான கல்யாணிக்குட்டியை மணந்துகொண்டு இரவோடிரவாகப் புறப்படுவதும் நாவலின் உயிரான பகுதிகள். அப்போது மாதவன் சென்னையில் உத்தியோகத்தில் இருக்கிறான். தான் காணாததை அவன் எப்படிச் சொல்வான்? யாரோ எழுதிய கடிதங்களாக அமைத்துப் பார்த்தேன். சுவை முழுவதும் வடிந்துபோகிறது.

செங்கோட்டை வாசகர்:
அம்மா, அந்த அத்தியாயங்களைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். கல்யாணிக்குட்டிக்கு நடந்த திருமணத்தை இந்துலேகாவுக்கு நடந்ததாக மாதவன் நம்பிவிடுவதுதான் கதையின் முடிச்சு; நடந்தது இன்னதென்று கதை சொல்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த முடிச்சே அவிழ்ந்துவிடும்.

நம் அக இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. பொருள் தேடப் பிரிந்த தலைவன் பாலை வழியின் நடுவே நின்று தன் நெஞ்சோடு பேசும் பாடல்கள் அகநானூற்றில் பல உள்ளன. ஊரில் அவள் எப்படி இருக்கிறாள் என்பதை அவன் காண்பதில்லை. நினைத்துப் பார்க்க மட்டுமே முடிகிறது. அந்த நினைப்பே பாட்டாகிறது. மாதவனுக்கும் அப்படி ஒரு நெடுவழி இருக்கிறது. சென்னையையும் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரையும் இணைக்கும் இருப்புப்பாதை 1862-இலேயே நிறைவடைந்துவிட்டது. போத்தனூர் தாண்டி, வாளையாற்றுக் காட்டின் ஓரமாக, பாலக்காட்டுக் கணவாய்க்குள் வண்டி நுழையும்போது வெக்கை தணிந்து காற்று முகத்தில் அடிப்பதை நம் பக்கத்தார் எல்லோரும் அறிவோம். அவளைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு அந்தக் காற்றில் அமர்ந்திருப்பவனை ஓர் அத்தியாயம் முழுக்க எழுதலாம்.

வேலந்தாவளம் வாசகர்:
செங்கோட்டை அண்ணன் சொல்வது மூலநூலைப் படித்தவர்களுக்குப் பொருந்தும். உண்மை அறிந்த வாசகர் மாதவனின் அறியாமையைக் கண்டு பதறுவார். மூலத்தைப் படிக்காத தமிழ் வாசகரோ மாதவனோடு சேர்ந்து தாமும் ஏமாந்து, இந்துலேகாவையே சந்தேகிப்பார். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி என்று எனக்குப் படுகிறது. பாட்டனின் சூளுரைக்கும் நம்பூதிரியின் செல்வத்துக்கும் அசையாமல் நின்றவள் அவள். வழியில் கேட்ட ஒரு பேச்சை நம்பி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கல்கத்தா வரை போனவன் அவன். நாயகன் வாயால் கதை சொல்லும்போது அவன் செய்ததற்கெல்லாம் நியாயம் கற்பிக்கும் வக்கீலாக எழுத்தாளர் மாறிவிடக்கூடாது.

ஆகவே சூரி நம்பூதிரியின் பகுதியை இறுதிக்குத் தள்ளுங்கள். மாதவன் திரும்பி வந்த பிறகு, இந்துலேகாவே அதை முதலிலிருந்து அவனுக்குச் சொல்லட்டும். அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். சிரிக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் அவன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சந்துமேனோனின் நகைச்சுவை ஒரு சொல்லும் குறையாமல் நிற்கும். அவன் வெட்கமும் அதனூடே தெரியும்.

இன்னொன்று: மாதவனும் அவன் தந்தையும் இந்துலேகாவின் மாமன் கோவிந்தன்குட்டிமேனோனும் நாத்திகத்தையும் காங்கிரஸையும் பற்றி விவாதிக்கும் பதினெட்டாம் அத்தியாயத்தைக் கதைக்கு இடையூறு என்று பலரும் தாண்டிப் போவார்கள். நீங்கள் தாண்டாதீர்கள். காதலியைப் பற்றிப் பேசத் துணியாதவன் உலகத்தைப் பற்றி ஓயாமல் பேசுவான் என்பதை அங்கே காட்டலாம்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
இருவருக்கும் நன்றி. கடிதங்களை எடுத்துவிட்டேன். இந்துலேகாவுக்குத் திருமணம் ஆகிவிட்டதாக வழியில் ஒருவர் சொல்லி மாதவன் கேட்கும் இடத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "கால் கழுவக் கிண்டியைச் சரித்திருந்தேன். அவர் சொல்லி முடித்தபோது கிண்டி காலியாகியிருந்தது. என் பாதங்கள் நனையவில்லை. நீர் முழுவதும் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 'நல்ல சம்பந்தம்தானே?' என்று அவரிடமே கேட்டேன்." இந்துலேகா கதை சொல்லும் இரவைக் கடைசிக்கு முந்திய அத்தியாயமாக வைக்கிறேன். இதை வெளியிட உரிமை ஏதும் பெற வேண்டுமா?

செங்கோட்டை வாசகர்:
மூலநூலுக்கு வேண்டியதில்லை. சந்துமேனோன் 1899-இல் காலமானார். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் என்ற நம் நாட்டுப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. அண்மைக்கால மொழிபெயர்ப்புகளின் வாக்கியங்களுக்குத் தனி உரிமை உண்டு என்பதால், மலையாள மூலத்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வேலந்தாவளம் தம்பி சொன்ன அந்த இரவு அத்தியாயம் முடிந்ததும் இங்கே பதிவிடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.