பொருள்: 'ஹொஸ்டிங் ப்ரொவைடர்' தமிழில் என்ன? வெள்ளிக்கு முன் வேண்டும்

ஹட்டன்:

ஊர்ப் பெயரிலேயே எழுதும் நண்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் கிளைகளுக்கெல்லாம் பொதுவாக நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைப் போடப் போகிறது. கோப்பு, நாட்காட்டி, கூட்டக் குறிப்பு எல்லாம் ஒரே இடத்தில். அதை எந்த நிறுவனத்தின் சேர்வரில் வைப்பது என்று விலைமனு கோருகிறார்கள். சிங்கள, ஆங்கிலப் பிரதிகள் தயார். தமிழ்ப் பிரதி என் கையில். ஹொஸ்டிங் ப்ரொவைடருக்கு, அதாவது நம் தரவைத் தன் சேர்வரில் வைத்துத் தரும் நிறுவனத்துக்கு, சங்கத்தின் பழைய சொற்பட்டியலில் 'விருந்தோம்பல் சேவை வழங்குநர்' என்று இருக்கிறது. தலைவர் அதை வாசித்துவிட்டு, "பொதுக்கூட்டச் சாப்பாட்டை நாமே சமைக்கலாமே, இதற்கு எதற்கு விலைமனு?" என்கிறார். நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

நுவரெலியா:

தலைவரைக் குறை சொல்ல முடியாது. எல்ல ஊரிலிருந்து நுவரெலியா வரைக்கும் விருந்தோம்பல் துறை என்றால் ஹோட்டல் துறைதான். பத்திரிகையில் இப்படியே வந்தால் முதல் அழைப்பு சமையல் குத்தகைக்காரரிடமிருந்துதான் வரும். முன்னால் 'வலை' சேர்த்தாலும் சரிவராது. நெக்ஸ்ட்கிளவுட் வெறும் வலைத்தளம் இல்லையே.

பண்டாரவளை:

பிழை விருந்தில் இருக்கிறது, ஓம்பலில் இல்லை. 'விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே' என்கிறது தொல்காப்பியம். விருந்து என்றால் புதுமை, புதிதாக வந்தவர். சங்கத்தின் கடன் பதிவேடு பத்து வருடம் கிடக்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது உங்கள் சேர்வருக்குத் தெரியாதா?

ஓம்பல் வேறு. 81ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். 'இருந்தோம்பி', 'விருந்தோம்பி' என்று ஓம்புதல் இரண்டு முறை வருகிறது. முதலாவது இல்லிலிருந்து பொருள்களைக் காப்பது. பரிமேலழகரும் 'பொருள்களைப் போற்றி' என்றே உரைக்கிறார். நமக்கு வேண்டியது அந்த ஓம்பல்தான்.

ஆனாலும் என் வாக்கு இதற்கில்லை. 'கையடை' என்று ஒரு சொல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கம்பனின் பாலகாண்டத்தில் கையடைப் படலமே உண்டு. தயரதன் இராமனை விசுவாமித்திரர் கையில் ஒப்படைக்கிறான். கொடுத்தது தானமில்லை, பாதுகாப்பில் விட்டது. உரிமை கொடுத்தவனிடமே நிற்கிறது. ஹொஸ்டிங் என்பது இதுதானே? கையடைச் சேவை, கையடை ஏற்பவர். எவ்வளவு பொருத்தம்!

பதுளை:

சேர், பத்தாம் தரத்தில் 'கையடை' என்று எழுதிப் பார்த்தேன். "டீச்சர், கையடக்கத் தொலைபேசியைத்தானே சுருக்கி எழுதியிருக்கிறீர்கள்?" என்றார்கள். கம்பனை அவர்களிடம் கொண்டுபோக இன்னும் இரண்டு வருடமாவது வேண்டும்.

நான் வகுப்பில் உவமையாகச் சொல்வது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவம், அதாவது பிள்ளைக் காப்பகம். கொழுந்தெடுக்கப் போகும் அம்மா காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள். கட்டடம் தோட்டத்துடையது, பார்த்துக்கொள்வது அங்கே இருக்கும் ஆயா, பிள்ளை அம்மாவுடையது. ஒருவரும் மறுபடி கேட்கவில்லை. ஏன் 'தரவு மடுவம்' என்று வைக்கக் கூடாது?

தலவாக்கலை:

டீச்சர், பிள்ளை மடுவம் சரி. ஆனால் வெறும் 'மடுவம்' என்றால் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது கொழுந்து மடுவம். அங்கே தராசு இருக்கும், பக்கத்தில் கணக்கப்பிள்ளை நிற்பார். ஈரக் கொழுந்து, கூடைப் பாரம் என்று இரண்டு கிலோ கழிப்பார். வைத்த தரவிலும் கழிவு போடுவார்களா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

பண்டாரவளை:

மடுவம் சிங்கள 'மடுவ'வின் வாடையுள்ள சொல். தோட்டத்தில் அது வாழட்டும், கலைச்சொல்லாக வேண்டாம்.

பதுளை:

தோட்டத்துப் பேச்சு கலைச்சொல்லுக்கு ஆகாதென்றால் இந்தச் சொற்களை யாருக்காகச் செய்கிறோம் சேர்? விலைமனுவை வாசிக்கிற கிளைச் செயலாளரில் பாதிப்பேர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். நானும்தான்.

மாத்தளை:

நான் சேர்வர் பார்க்கிற ஆள், இலக்கியம் குறைவு. சொல்லை விட்டுவிட்டு அந்த விலைமனுவில் என்ன கேட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

'ஹொஸ்டிங்' என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். ஒன்று வெறும் இடம். இயந்திரத்தில் ஒரு பங்கை மாத வாடகைக்குத் தருவார்கள், மீதி எல்லாம் உங்கள் தலையில். இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் போடுவது, காப்புப் பிரதி எடுப்பது, அது உண்மையில் திரும்ப வருகிறதா என்று சோதிப்பது. நெக்ஸ்ட்கிளவுட்டில் பெரிய பதிப்பை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும், இடையில் ஒன்றைத் தாண்ட முடியாது. இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் படிப்படியாக ஏறி வர ஒரு வார இறுதி போய்விடும். சங்கத்தில் இதைச் செய்ய ஆள் இருக்கிறாரா?

மற்றது பராமரிப்போடு தருவது. விலை கூட, ஆனால் மேலே சொன்னதெல்லாம் அவர்கள் வேலை. அப்படித்தானா என்பதை ஒப்பந்தத்தில் வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஒரே சொல்லைப் போட்டால் ஒருவர் இடத்துக்கு விலை எழுதுவார், மற்றவர் பராமரிப்புக்கு எழுதுவார். குழு குறைந்த விலையைத் தெரிவு செய்துவிட்டு பிறகு முழிக்கும்.

சேர்வர் 99.9 வீத நேரம் இயங்கும் என்று வாக்குக் கொடுத்தால் வருடத்துக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் நின்றாலும் அவர்கள் சொல் தவறவில்லை. 99.5 என்றால் கிட்டத்தட்ட 44 மணித்தியாலம். முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரம் இதில் சேருமா என்று கேளுங்கள். கட்டணம் டொலரிலா என்றும் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது மறந்திருக்காது. அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விபரமும் உள்ளே போவதால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தரவு யார் கட்டுப்பாட்டில், யார் அவருக்காக அதைக் கையாள்கிறார் என்று அது பிரித்துப் பேசுகிறது. சங்கம் முதலாவது ஆள், ஹொஸ்டிங்காரர் இரண்டாவது.

தலவாக்கலை:

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. அப்படியானால் சிலப்பதிகாரத்து 'அடைக்கலம்' ஏன் வேண்டாம்? கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலம் இழந்துவிட்டேன் என்று மாதரி தீயில் பாய்கிறாள். அதுதான் சேவை உத்தரவாதம். 2021 மார்ச்சில் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஓவிஎச் என்ற ஹொஸ்டிங் நிறுவனத்தின் தரவு நிலையம் எரிந்தபோது காப்புப் பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அங்கே தீயில் போனது மாதரி இல்லை, அடைக்கலப் பொருள்.

நுவரெலியா:

அடைக்கலம் என்ற சொல்லைக் கேட்டால் இந்த நாட்டில் முகாம்தான் கண்ணுக்கு வரும். 1983ஐப் பார்த்தவர்கள் வீட்டில் இந்தச் சொல்லை மேலும் பேச வேண்டுமா? விட்டுவிடுவோம்.

ஹட்டன்:

சரி, நாளை வெள்ளி. மாத்தளை அண்ணன் சொன்னபடி பிரதியைப் பார்த்தேன். ஆங்கிலத்திலும் இடமா பராமரிப்பா என்று சொல்லவில்லை. செயலாளரைக் கேட்டேன், அவர் நினைத்தது பராமரிப்போடு. மூன்று பிரதியிலும் திருத்துகிறோம். வெறும் இடத்துக்கு 'சேர்வர் இட வாடகை', பராமரிப்போடு என்றால் 'தரவு ஓம்பல்', செய்பவர் 'ஓம்புநர்'. முதல் முறை வரும் இடத்தில் 'ஹொஸ்டிங் எனப்படும் தரவு ஓம்பல்'. ஆட்சேபம் உண்டா?

நுவரெலியா:

இருக்கட்டும். 'ஓம்பல் சேவை' என்று எங்காவது வந்தால் 'ஓம்பற் சேவை' ஆக்கிவிடாதீர்கள். இலக்கணப்படி சரி, வாசிப்பவர் அச்சுப் பிழை என்பார்.

மாத்தளை:

எனக்குச் சம்மதம். விலைமனு போடும் கம்பனிக்காரர் 'ஹொஸ்டிங்' என்ற சொல்லை மட்டும்தான் தேடுவார், அதை எடுத்துவிடாதீர்கள்.

தலவாக்கலை:

சம்மதம். களைத்துவிட்டது.

பண்டாரவளை:

பெரும்பான்மை வெல்லட்டும். ஆனால் ஓம்புநர் விலைக்குக் கிடைப்பாரா? ஓம்பலில் அன்பு உண்டு, மாதக் கட்டணம் இல்லை. கையடையில் பொறுப்பு உண்டு. நான் மாலை வகுப்பில் கையடை என்றே படிப்பிப்பேன். பிள்ளைகள் பரீட்சையில் எழுதினால் எவர் புள்ளி குறைக்கிறார் என்று பார்க்கிறேன்.

பதுளை:

விடைத்தாள் திருத்துகிறவர்களில் நானும் ஒருத்தி சேர். பிள்ளைகளின் புள்ளியை வைத்து இந்த வழக்கை நடத்த வேண்டாம்.