மறு: கலைச்சொல் வேண்டல் – அஞ்சிக்கொண்டே மோதும் ஆறாம் வகைக்கு என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> மனிதரை ஒன்பது ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் எனியாகிராமில் வரும் "கவுன்டர்ஃபோபிக் சிக்ஸ்" என்பதற்கு "அஞ்சாத ஆறாம் வகை" என்று போட்டிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

"அஞ்சாத" மட்டும் வேண்டாம் ஐயா. அதைப் போட்டால் ஆறாம் வகைக்காரரைக் கையைப் பிடித்து எட்டாம் வகையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவோம். எனியாகிராமில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. வெளிப்பார்வைக்கு இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்: குரல் உயரும், மேலிடத்தையே கேள்வி கேட்பார்கள், அடிபடுகிறவர் பக்கம் போய் நிற்பார்கள். ஆனால் எட்டு உடல் மையத்து (உள்ளுணர்வால் இயங்கும்) வகை, அதன் அடியில் ஓடுவது சினம். ஆறு தலை மையத்து (யோசனையால் இயங்கும்) வகை, அடியில் ஓடுவது அச்சம். அச்சத்தை அடித்தளமாகக் கொண்ட வகைக்கு "அஞ்சாத" என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் என்ன செய்வார்?

ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த தலைவர் வேலைப் பங்கீட்டை மாற்றுகிறார். எட்டாம் வகைக்காரர் அங்கேயே "இது சரிப்படாது" என்கிறார், காரணத்தை இரண்டு வரியில் சொல்கிறார், மேசையில் ஒரு தட்டு. வெளியே வந்ததும் அதே தலைவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு போவார். கோபம் வந்த வழியே போய்விட்டது. ஆறாம் வகைக்காரர் முதல் கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டார். இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் சொல்லிச் செய்கிறார், நாளைக்கு நம் கதி என்ன என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த கூட்டத்தில் திடீரென்று வெடிப்பார், எட்டைவிடச் சத்தமாகவே. அன்று இரவு இரண்டு நண்பர்களுக்குப் போன் போட்டு, "நான் பேசினது அதிகப்படியா?" என்று கேட்பார். சண்டையை வைத்து வகை பிரிக்க முயன்றால் ஏமாந்துபோவோம். சண்டை முடிந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஒன்பது வகைகளையும் கோடுகளால் இணைத்துக் காட்டும் எனியாகிராம் வரைபடமும் இதற்குத் துணை நிற்கிறது. ஆறிலிருந்து கோடுகள் மூன்றுக்கும் ஒன்பதுக்கும் போகின்றன. எட்டிலிருந்து இரண்டுக்கும் ஐந்துக்கும். நெருக்கடி முற்றினால் எட்டு ஐந்தின் பக்கம் சாயும் என்பது மரபு: பேச்சைக் குறைத்து, ஒதுங்கி, தனியாகக் கணக்குப் போடும். ஆறு மூன்றின் பக்கம் சாயும்: ஓய்வில்லாமல் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் திறமையானவன் என்று காட்டத் தவிக்கும்.

மூலச்சொல் எனியாகிராமில் பிறந்ததில்லை. ஃபிராய்டு வழிவந்த உளப்பகுப்பிலிருந்து வந்தது. உளப்பகுப்பாளர் ஓட்டோ ஃபெனிக்கல் 1939இல் இந்த மனப்பாங்கைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். எதைக் கண்டு பயமோ அதையே தேடிப் போவது அதன் சாரம். பயம் தீர்ந்துபோனதால் போவதில்லை, தீராததால் போவது. 1970களில் சிலி நாட்டு உளமருத்துவர் கிளாடியோ நரஞ்சோ வழியாக எனியாகிராம் உளவியல் பேசுகிறவர்களிடம் வந்தபோது இப்படிப்பட்ட சொற்களும் கூடவே ஒட்டிக்கொண்டன. (ஆளுமையை ஐந்து பண்புகளால் அளக்கும் ஐங்காரணி மாதிரிக்கு இருக்கும் ஆய்வு வலு எனியாகிராமுக்கு இல்லை என்பது தெரிந்ததுதான். அதற்காகச் சொல்லைத் தப்பாக ஆக்க வேண்டியதில்லை.)

முன்மடல்களில் வந்த "எதிரச்சம்" சொல்லுக்குச் சொல் சரி, கேட்டால் ஒன்றும் புரியவில்லை. "அச்சமறுப்பு" பரவாயில்லை, ஆனால் அதில் அசைவு இல்லை. என் முன்மொழிவு: அஞ்சி ஒதுங்குவது பதுங்கும் ஆறு, அஞ்சி மோதுவது பாயும் ஆறு. புலி பதுங்குவது பாய்வதற்கே என்பது எல்லார் வாயிலும் இருப்பதால் இரண்டும் ஒரே விலங்கின் செயல் என்பது சொல்லாமலே விளங்கும்.

அன்புடன்.

---

வணக்கம் ஐயா.

> அஞ்சி மோதுவது பாயும் ஆறு

"பாயும் ஆறு" என்றால் எனக்கு வெள்ளம்தான் கண்ணில் தெரிகிறது :) அணை கட்டச் சொல்வீர்களோ என்று பயந்துவிட்டேன்.

இன்னொன்று. புலி திட்டம் போட்டுப் பதுங்குகிறது. ஆறாம் வகைக்காரர் அப்படியில்லையே? அவருக்கே தெரியாமல்தானே இரண்டும் மாறி மாறி வருகின்றன? காலையில் மேலாளரிடம் தலையாட்டிவிட்டு மாலையில் அவரையே எதிர்த்து மடல் எழுதுகிறவரை நான் அறிவேன். அதைத் தந்திரம் என்று சொல்ல மனம் வரவில்லை. பழமொழி அந்தப் பழியைச் சுமத்துகிறது.

கூடவே ஒரு கேள்வி: ஆறும் எட்டும் போல, ஒன்றும் ஆறும் போல, ஆளைக் குழப்பும் இணைகளுக்குப் பொதுப்பெயர் ஏதாவது இருக்கிறதா? "போலிவகை" என்று ஓரிடத்தில் பார்த்தேன். பிடிக்கவில்லை.

---

அம்மா, வெள்ளத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சொல்லை மாற்றிவிடலாம்: பதுங்குநிலை, பாய்நிலை. "நிலை" சேர்த்தால் நதியும் ஒழியும், நீங்கள் சொன்ன காலை மாலைக் கதைக்கும் இடம் கிடைக்கும். இவை இருவேறு ஆட்கள் இல்லை, ஒரே ஆளின் இரண்டு நிலைகள். ஒருவரிடம் ஒன்று தூக்கலாக இருக்கலாம், அவ்வளவே. பழமொழியை விளக்கத்தில் சேர்க்க வேண்டாம், நினைவில் வைக்க மட்டும் உதவட்டும்.

"போலிவகை" எனக்கும் உவப்பில்லை. இரண்டு வகையும் அசல்தான், குழப்பம் பார்க்கிறவரிடம். லகர ளகரங்களை மயங்கொலி என்கிறோமே, அதன் வழியில் மயங்குவகை எனலாம். ஆளைத் தவறான வகையில் சேர்த்துவிடுவது வகைமயக்கம்.

ஒன்றும் ஆறும் பற்றித் தனி இழை திறவுங்கள். இரண்டுமே கடமை தவறாதவை, விதியை மதிப்பவை. ஆனால் எந்த விதி சரி என்பதில் ஒன்றுக்கு உள்ளே தீர்ப்பு தயாராக இருக்கும். ஆறு நான்கு பேரைக் கேட்கும். எட்டைப் பிரிப்பதைவிட இது சுலபம் என்று நினைக்கிறேன்.

அகராதிக்கு இப்படிப் பதியலாமா, பாருங்கள்:

பாய்நிலை – (ஆறாம் வகை) அச்சம் நீங்காமலே, அச்சம் தருவதை நோக்கிச் சென்று மோதும் நிலை. எட்டாம் வகையோடு மயங்கும். ஒப்பு: பதுங்குநிலை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.