லேயருக்குப் ‘படலம்’, ஆக்சஸுக்கு இரண்டு சொற்கள்: வெள்ள முன்கணிப்புத் தளத்துக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். குளோஃபாஸ் தளத்துக்குத் தமிழில் பயன்பாட்டுக் கையேடு எழுத நாம் எடுத்திருக்கும் சொற்பட்டியலில் லேயர், டேட்டா ஆக்சஸ் இரண்டும் இன்னும் முடிவாகவில்லை. முதலாவதற்கு ‘அடுக்கு’, ‘தளம்’, ‘படலம்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டாவதற்கு ‘தரவு அணுக்கம்’ போதும் என்றே பெரும்பாலானோர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெள்ளம் வரும் நேரத்தில் படிக்கப்படும் சொற்கள் இவை. அதனால் இதில் அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் தளத்தைப் பற்றிச் சுருக்கமாக. குளோஃபாஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிகஸ் அவசரகால மேலாண்மைச் சேவையின் ஒரு பகுதி. உலகம் முழுதுக்குமான ஆற்று வெள்ள முன்கணிப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. 2018 முதல் முழு இயக்கத்தில் இருக்கிறது. மழை முதலான வானிலைக் கணிப்பு ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்திலிருந்து வருகிறது. அது ஒரே கணிப்பாக வருவதில்லை. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஓட்டிய 51 கணிப்புகளாக வருகிறது. அவற்றை லிஸ்ஃபிளட் என்னும் நீரியல் மாதிரிக்குள் (மழை எப்படி ஆற்றோட்டமாகிறது என்று கணக்கிடும் கணினி நிரல்) செலுத்தி, அடுத்த 30 நாட்களுக்கு எந்த ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும் என்று கணக்கிடுகிறார்கள். 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, கணக்குக்காக நிலப்பரப்பைப் பிரித்த சதுரக் கட்டம் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்.

இனி, லேயர்.

நிலவரைபடத்தைத் திறந்தால் ஒரு பக்கத்தில் நீண்ட பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெட்டி. டிக் அடித்தால் படத்தின் மேல் அது விரியும். ‘வெள்ளச் சுருக்கம், 4 முதல் 10 நாள்’ என்பதைப் போட்டால் ஆறுகள் மஞ்சள், சிவப்பு, ஊதா நிறங்களில் தெரியும். மழை வாய்ப்பைக் காட்டும் ஒன்றை அதன் மேல் போட்டால் நிறங்கள் கலந்து தெரியும். நூறாண்டு வெள்ளம், அதாவது எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம், வந்தால் எந்த நிலம் மூழ்கும் என்பது தனியாக ஒன்று. செயற்கைக்கோள் ரேடார் படத்திலிருந்து இப்போது உண்மையிலேயே எங்கே நீர் நிற்கிறது என்று காட்டுவது இன்னொன்று. ஆக, இங்கே லேயர் என்பது ஊரின் மேல் விரியும் மெல்லிய போர்வை. அடியில் இருப்பதை முழுதாக மறைக்காது.

‘அடுக்கு’ பழகிய சொல்தான். வளிமண்டல அடுக்குகள் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் இந்தத் தளத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடப்பட்ட எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கவும் ஒரு சொல் தேவைப்படுகிறது. அடுக்கு என்றாலே பலவற்றை மேலே மேலே வைத்த குவியல்தானே? ‘பானை அடுக்கு’ என்றால் ஒரு பானை நினைவுக்கு வராது. தனி லேயருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால் மொத்தத்துக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கும். ‘அடுக்குகளை மாற்றி அடுக்கவும்’ என்று உதவிக் குறிப்பில் எழுதினால் படிப்பவர் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

‘தளம்’ வேண்டாம். இணையதளம், தரைத்தளம், செயல்தளம் என்று ஏற்கனவே பல வேலை பார்க்கும் சொல் அது. ‘தளத்தில் தளத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு வரி வந்தே தீரும்.

‘படலம்’ மீது இரண்டு ஆட்சேபங்கள் வந்தன. கம்பராமாயணத்தில் படலம் என்றால் நூலின் உட்பிரிவு என்பது ஒன்று. கண்ணில் படலம் என்றால் பார்வையை மறைக்கும் நோய் என்பது மற்றொன்று. முதலாவது குழப்பம் தராது. நிலவரைபடத்தில் நிற்பவர் காப்பியப் பிரிவை நினைக்க மாட்டார். இரண்டாவதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஓசோன் படலம், புகைப்படலம், பனிப்படலம் என்று எழுதும்போது நாம் எதைச் சொல்கிறோம்? பரந்து, மெல்லியதாக, ஓர் இடத்தின் மேல் படிந்திருப்பதைத்தான். இங்கே வேண்டிய பொருளும் அதுவே. கூட்டுச் சொற்களும் இயல்பாக அமைகின்றன: முன்கணிப்புப் படலம், மழைப் படலம், வெள்ளப்பரப்புப் படலம். எல்லாம் சேர்ந்தது ‘படல அடுக்கு’. எது மேலே, எது கீழே என்பது ‘படல வரிசை’. என் வாக்கு படலத்துக்கு.

இதோடு ஒன்றையும் கட்டாயமாக்க வேண்டும். படலத்தின் பெயரிலேயே அது கணிப்பா, காணப்பட்டதா, நிலையானதா என்று தெரிய வேண்டும். நாள்தோறும் மாறும் கணிப்பு, செயற்கைக்கோள் பார்த்த வெள்ளம், எந்நாளும் மாறாமல் இருக்கும் நூறாண்டு வெள்ளப்பரப்பு ஆகிய மூன்றும் திரையில் நிறப் பரப்புகளாகத்தான் தெரியும். மூன்றாவதைப் பார்த்துவிட்டு ‘எங்கள் ஊர் மூழ்கப் போகிறதாம்’ என்று ஒருவர் வாட்ஸாப்பில் அனுப்பினால் அது அவர் தவறல்ல. எனவே ‘கணித்த வெள்ளம்’, ‘கண்ட வெள்ளம்’, ‘நிலைத்த வெள்ளப்பரப்பு’ என்று முன்னொட்டு வைத்தே எழுதுவோம்.

‘வரைபடம்’ பற்றியும் ஒரு வரி. நிலவரைபடம் என்பதைச் சுருக்கி வரைபடம் என்று எழுதினால், புள்ளியைச் சொடுக்கினால் விரியும் ஆற்றோட்டக் கிராஃபும் அதே பெயரில் வந்து விழும். மேப்புக்கு நிலவரைபடம், கிராஃபுக்கு ஓட்ட வரைபடம். இலங்கை நண்பர்கள் சொல்வதுபோல் அங்கே தேசப்படம் என்பதுதான் பழக்கம். அவர்களுக்கான பதிப்பில் அதுவே இருக்கட்டும்.

அடுத்து, ஆக்சஸ். ‘தரவு அணுக்கம்’ போதாது என்று நான் சொல்வது ஒலிக்காக அல்ல. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் இரண்டு வேறு கேள்விகளைச் சுமக்கிறது: எனக்கு அனுமதி உண்டா? உண்டு என்றால் எப்படி எடுப்பது?

அனுமதியைப் பாருங்கள். குளோஃபாஸ் முன்கணிப்பு எல்லோருக்கும் திறந்தது. இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் அன்றைய கணிப்பையே எடுக்கலாம். அதே கோப்பர்நிகஸ் சேவையில் ஐரோப்பாவுக்கு மட்டுமான ஈஃபாஸ் இருக்கிறது. அங்கே அன்றைய கணிப்பு, வெள்ள எச்சரிக்கைப் பொறுப்புள்ள கூட்டாளி அமைப்புகளுக்கு மட்டும்தான். 30 நாள் கழித்துத்தான் பொதுமக்களுக்கு. தன் நாட்டில் மக்களுக்கு எச்சரிக்கை சொல்லும் பொறுப்பு அந்தந்த நாட்டு அமைப்புக்கே. ஒரே ஆற்றைப் பற்றி இரண்டு குரல்கள் முரணாக ஒலிக்கக்கூடாது என்பது அதன் காரணம். இதை விளக்க வேண்டிய இடத்தில் ‘அணுக்கம் வரையறுக்கப்பட்டது’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்தே நம் வாயில் புழங்கும் தொடர். அதே வார்ப்பில் ‘தரவு பெறும் உரிமை’ என்றால் உடனே புரிகிறது. ‘அன்றைய தரவு பெறும் உரிமை கூட்டாளி அமைப்புகளுக்கு மட்டும்’ என்று எழுதிப் பாருங்கள்.

எடுக்கும் முறைக்கு ‘தரவு பெறும் வழி’. இதிலும் ஒரு முக்கியமான பிரிவினை இருக்கிறது. டபிள்யூஎம்எஸ் என்ற இணைய நெறிமுறை வழியாகப் படலத்தை க்யூஜிஐஎஸ் போன்ற நிலவரைபட மென்பொருளில் இணைக்கலாம். ஆனால் அது அனுப்புவது படம். நீங்கள் பார்க்கும் பகுதிக்கு, நீங்கள் பார்க்கும் அளவில், நிறம் பூசி முடித்த பிஎன்ஜி படக் கோப்பு. அதில் ஊதா நிறம் இருக்கும். வினாடிக்கு எத்தனை கனமீட்டர் என்ற எண் இருக்காது. எண் வேண்டுமானால் அதே சேவையின் முன்னெச்சரிக்கைத் தரவுக் களஞ்சியத்துக்குப் போய், நாளையும் பகுதியையும் தேர்ந்து, கட்டம் கட்டமாக எண்களைத் தரும் கிரிப் அல்லது நெட்சிடிஎஃப் கோப்பாக எடுக்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். படலத்தை இணைத்துவிட்டுத் தரவு கையில் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கணக்கிடப் போகும்போதுதான் கையில் இருப்பது வெறும் நிறம் என்று தெரிகிறது. நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதும் கல்லாவில் பணம் கட்டி வாங்குவதும் போல இரண்டும் வேறு. அதனால் பொத்தான்களில் ‘படமாகக் காண’, ‘எண்ணாகப் பெற’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. கலைச்சொல்லாக வேண்டுமென்றால் ‘படச் சேவை’, ‘எண் தரவு’.

இனி, பட்டியலில் அமைதியாகக் கிடக்கும் இரண்டு சொற்களைக் கிளற விரும்புகிறேன்.

‘மீள்வரவுக் காலம் 20 ஆண்டு’ என்று ஊதா நிறத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறோம். மொழிபெயர்ப்பாகச் சரி. படிப்பவர் புரிந்துகொள்வது என்ன? 20 ஆண்டுக்கு ஒருமுறை வரும். போன வருடம் வந்துவிட்டது, இனி 19 வருடம் கவலையில்லை. உண்மையில் அது எந்த ஓர் ஆண்டிலும் 5 சதவீத வாய்ப்பு. அடுத்தடுத்த ஆண்டுகளில் வருவதை எதுவும் தடுக்காது. 20 ஆண்டு முழுக்கப் பார்த்தால் ஒருமுறையாவது வர 64 சதவீத வாய்ப்பு. வராமலே போகவும் இடமுண்டு. கையேட்டில் ‘ஆண்டுக்கு 5% வாய்ப்புள்ள வெள்ளம்’ என்றே எழுதுவோம். நீரியல் பாடநூல் பார்ப்பவர்களுக்காக மீள்வரவுக் காலம் சொற்பட்டியலில் இருக்கட்டும்.

மற்றது, திரெஷோல்டுக்கு, அதாவது தாண்டினால் ஆற்றின் நிறம் மாறும் எல்லைக்கு, ‘அபாய அளவு’. இதை எடுத்துவிட வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்கிறேன். அபாய அளவு என்பது நம் ஊரில் பாலத்தூணிலும் அளவுகோலிலும் குறித்த நீர்மட்டம். செய்தியில் ‘அபாய அளவைத் தாண்டியது’ என்றால் மக்கள் மூட்டை கட்டுவார்கள். குளோஃபாஸின் எல்லை அப்படிப் பிறந்ததல்ல. லிஸ்ஃபிளட் மாதிரியைப் பழைய வானிலைத் தரவில் 1979 முதல் ஓட்டிப் பார்த்து, அதில் கிடைத்த ஓட்டங்களிலிருந்து கணக்கிட்ட எல்லை. ஆற்றங்கரைக் கல்லோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. ‘வரம்பளவு’ அல்லது ‘மாதிரி வரம்பு’ என்று வைத்துக்கொள்வோம். அலகையும் கவனிக்க வேண்டும். தளம் கனமீட்டரில் பேசுகிறது. நம் நீர்வளத் துறை அறிவிப்புகள் கன அடியில் பேசுகின்றன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட வினாடிக்கு 29,000 கன அடி இன்றும் சென்னையில் பலருக்கு மனப்பாடம். அது வினாடிக்கு ஏறக்குறைய 821 கனமீட்டர் என்று பக்கத்திலேயே எழுதினால்தான் ஓட்ட வரைபடத்தின் எண்கள் கைக்குள் வரும். அப்புறம், அடையாறு போன்ற சிறிய ஆற்றுக்கு இவ்வளவு பெரிய கட்டத்தில் ஓடும் மாதிரியை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

பெரிய ஆறு என்றால் கதை வேறு. 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றில் குளோஃபாஸின் நீண்டகாலக் கணிப்பு ஆயத்தத்துக்கான அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. அடுத்து அந்நாட்டு வெள்ள முன்கணிப்பு மையத்தின் குறுகியகாலக் கணிப்பும் அதை உறுதிசெய்ததும், வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே ஐ.நா.வின் அவசரநிதி விடுவிக்கப்பட்டது. பணம் கைமாறும் முடிவே இந்த வரம்பையும் வாய்ப்பையும் நம்பி எடுக்கப்படுகிறது. இந்த இரண்டு சொற்களில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

51 கணிப்புகளின் தொகுப்புக்கு ‘குழுமம்’ வேண்டாம். அது நிறுவனப் பெயர் போல ஒலிக்கிறது. ‘திரள் கணிப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு விடை கிடைக்காத சொல் ஒன்று இருக்கிறது. எந்த ஆற்றில் எத்தனை நாள் முன்னதான கணிப்பு வரை நம்பலாம் என்று காட்டும் படலத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்கில் என்று பெயர். ‘திறன்’ என்று போட்டால் ஆற்றின் கொள்திறன் என்று படிக்கப்படும். ‘நம்பகம்’ என்றால் உறுதிமொழி போல ஆகிவிடுகிறது. இப்போதைக்குக் ‘கணிப்புத் தரம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீரியல் கற்பிப்பவர்கள் யாராவது வகுப்பில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்.