‘ஈடுபாடு’ வேண்டாம்: துலங்கல், அளவளாவல் என்று இரண்டாகப் பிரிப்போம்

அன்பு நண்பர்களுக்கு,

தொண்டு நிறுவனத் தலைவர்களுக்கான வலைப்பதிவுக் கையேட்டில், படித்தவர்கள் விருப்பம் தெரிவிப்பது, பகிர்வது, மறுமொழி எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் ‘எங்கேஜ்மென்ட்’ என்பதற்கு ‘ஈடுபாடு’ என்றே வைத்துவிடலாம் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல சொல்தான், ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களை அது புண்படுத்தும். கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

போன பயிற்சிக்கு ஓர் அம்மா வந்திருந்தார். காது கேளாத குழந்தைகளுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் பள்ளி நடத்துகிறவர். அதுவரை இணையத்தில் ஒரு வரிகூட எழுதியதில்லை. முதல் இடுகையை நான்கு முறை அடித்துத் திருத்தி, கை நடுங்க ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினார். ஒரு வாரம் கழித்துப் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நான் தமிழில் போட்டுவைத்திருந்த வரி: ‘ஈடுபாடு: குறைவு’. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஈடுபாடு குறைவுன்னு சொல்லுதா தம்பி?” என்று கேட்டார். “இல்லம்மா, படிச்சவங்க என்ன பண்ணாங்கன்னு சொல்ற கணக்கு அது” என்று விளக்கினேன். சரி என்று தலையாட்டினார். அன்றைக்கு அவர் இரண்டாவது இடுகையைத் தொடங்கவேயில்லை. தவறு என்னுடையது.

யோசித்துப் பாருங்கள். ‘இசையில் ஈடுபாடு’, ‘வேலையில் ஈடுபாடு’ என்கிறோம். ஒருவர் தன் மனத்தை ஒன்றில் கொடுப்பதுதான் ஈடுபாடு. யாருடைய ஈடுபாடு என்று சொல்லாமல் விட்டால், கேட்கிறவர் தன்னுடையது என்றுதான் எடுத்துக்கொள்வார். வாழ்நாளையே கொடுத்தவரிடம் போய் அது குறைவு என்று ஒரு திரை சொல்லக் கூடாது.

ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதலாம் என்றால், பேச்சில் ‘எங்கேஜ்மென்ட்’ என்றதும் நமக்கு நிச்சயதார்த்தம்தான் நினைவுக்கு வரும். ‘ஊடாட்டம்’ மனிதரும் கணினியும் கொள்ளும் தொடர்புக்கு ஏற்கெனவே பழகிவிட்டது, அதை அங்கேயே விடுவோம். ‘பங்கேற்பு’ என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். தொண்டுத் துறையில் ‘மக்கள் பங்கேற்பு’ என்றால் முடிவெடுப்பதில் மக்களுக்கு இடம் இருப்பது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர்கள் நம் பயிற்சிக்கு வருகிறார்கள். விருப்பக் குறியை ஒரு தட்டுத் தட்டியதற்கெல்லாம் அந்தப் பெயரைக் கொடுத்தால் அவர்களுடைய சொல்லை நாம் மலிவாக்கிவிடுவோம்.

எனக்குத் தெரிந்தவரை சிக்கலின் வேர் ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. அது ஒரே மூச்சில் இரண்டைச் சொல்கிறது: ஓர் எண்ணையும், ஓர் உறவையும்.

எண்ணை முதலில் பார்ப்போம். ஓர் இடுகை 2,000 பேரைச் சென்றடைந்தது. விருப்பம் 70, பகிர்வு 8, மறுமொழி 2. மொத்தம் 80. எண்பதை இரண்டாயிரத்தால் வகுத்தால் 4 சதவீதம். இன்னோர் இடுகை 300 பேரைத்தான் சென்றடைந்தது, மொத்தம் 9, அதாவது 3 சதவீதம். பட்டியலில் முதலாவது ஜெயித்துவிடும். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று, ஒரு தாய் எழுதிய ஆறு வரி மறுமொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் காதுக் கருவியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறான், என்ன செய்வது என்று கேட்கிறார். பள்ளித் தலைவர் பதில் எழுதுகிறார். அந்தத் தாய் மறுபடி கேட்கிறார். அடுத்த வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு நேரில் வருகிறார். அந்த மறுமொழியும் ஒரு விருப்பக் குறியும் இந்தக் கணக்கில் ஒரே எடைதான், ஆளுக்கு ஒன்று.

ஆகவே எண்ணுக்கு ‘துலங்கல்’ என்று முன்மொழிகிறேன். அறிவியல் பாடத்தில் தூண்டல், துலங்கல் என்று எல்லாரும் படித்ததுதான். ஒளி பட்டால் கண்ணின் பாவை சுருங்குகிறது. ஒளி தூண்டல், சுருங்குவது துலங்கல். திரையில் ஒன்றைப் பார்த்து விரல் தட்டுவதும் இந்த வகைதான். ‘துலங்கல் வீதம் 4 சதவீதம்’ என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை. ‘துலங்கல் குறைவு’ என்றாலும் எழுதியவர் மேல் பழி விழாது.

உறவுக்கு ‘அளவளாவல்’. ‘அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று’ என்பது 523ஆம் குறள். கலந்து பழகாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளப்பரப்பில் நீர் நிறைந்ததைப் போன்றது. பரிமேலழகர் இதற்கு நெஞ்சு கலத்தல் என்று பொருள் சொல்கிறார். இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள், ஒருவரோடும் பேச்சு நிகழவில்லை என்றால் கரையில்லாக் குளத்தில் வந்த தண்ணீர்தானே அது? வந்த வேகத்தில் வடிந்துவிடும். பயிற்சியில் இதை இப்படியே சொல்ல எனக்கு ஆசை.

‘இலக்கிய வாடை அடிக்கிறது’ என்று ஒரு நண்பர் தனி மடலில் சொன்னார். செய்தித்தாளில் ‘அமைச்சர் மாணவர்களுடன் அளவளாவினார்’ என்று இன்றும் அச்சாகிறது. யாரும் அகராதியைத் தேடுவதில்லை. பொத்தானில் போட நீளம் என்பது உண்மை, ஆனால் பொத்தானில் அதற்கு வேலையே இல்லை. பாடத்தில்தான் வேலை: மறுமொழி வந்தால் இரண்டு நாளுக்குள் பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள், தட்டச்சு வராவிட்டால் நீங்கள் சொல்லச்சொல்ல உடன் பணியாற்றுகிறவர் அடிக்கட்டும், ஆனால் வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும். ‘அளவளாவுங்கள்’ என்ற ஒரே ஏவல் இவ்வளவையும் தாங்கும். (குழந்தையின் பெயரோ படமோ மறுமொழியில் வந்தால் முதலில் மறைத்துவிட்டுப் பெற்றோரிடம் இசைவு கேட்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுவோம்.)

ஒரு பொருளுக்கு இரண்டு சொல் குழப்பாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் 1997இல் பிறந்த ‘வெப்லாக்’, 1999இல் ‘பிளாக்’ என்று சுருங்கியது. நாம் வலைப்பதிவு என்றோம், வலைப்பூ என்றோம், இரண்டும் நிற்கின்றன. பொறியியலில் இருந்த ‘பின்னூட்டம்’ வாசகர் கருத்துக்கு வந்தது, பக்கத்திலேயே ‘மறுமொழி’யும் வளர்ந்தது. ‘பதிவு’ மட்டும் வருத்தம். முன்பு தளம் பதிவு, அதில் எழுதும் ஒவ்வொன்றும் இடுகை என்று பிரித்தோம். இன்று இரண்டையுமே பதிவு என்கிறார்கள். ‘பதிவில் ஒரு பதிவு போடுங்கள்’ என்றால் புதிதாக வருகிறவர் விழிக்கிறார். கையேட்டிலாவது இடுகையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என் முன்மொழிவில் ஓர் ஓட்டை இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். துலங்கலை வினையாக்க முடியவில்லை. ‘80 பேர் துலங்கினார்கள்’ என்றால் எண்பது பேர் ஒளிவீசினார்கள் என்று ஆகிவிடும். இப்போதைக்கு ‘80 துலங்கல்கள்’ என்று பெயராகவே எழுதியிருக்கிறேன். இதைவிட இயல்பான வினை யாருக்காவது தோன்றுகிறதா? அடுத்த பயிற்சிக்கு அந்த அம்மா மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்தப் புள்ளிவிவரப் பக்கத்தைத் திருத்திவிட வேண்டும்.