மறு: ஆக்கிரமிப்புக் கால ரேஷன் கூப்பன் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் மழை; மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பதால் எழுத முடியவில்லை. பாலக்காட்டு நண்பர் கேட்டது எளிய கேள்வி. தன் சேகரிப்பைப் பள்ளியில் காட்சிக்கு வைக்கப்போகிறார். இரண்டாம் உலகப் போரில் அயல்படையிடம் சிக்கிய நாடுகளின் ரேஷன் கூப்பன்களுக்குத் தமிழில் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும். அதற்கு இதுவரை வந்தவை: பங்கீட்டுச் சீட்டு, உணவு உறுதிச்சீட்டு, படையாட்சிப் பற்றுச்சீட்டு. "டோக்கன்னே போடுங்க, பொங்கல் பரிசுக்கு அதானே சொல்றோம்" என்றும் ஒருவர் சொன்னார்.

முதலில் 'படையாட்சி'யைத் தள்ளிவிடலாம். ராணுவ ஆட்சி என்ற பொருளில் பிழை இல்லை. ஆனால் அது ஒரு சமூகத்தின் பெயர். பார்க்கிறவர் ஏதோ சங்கம் நடத்தும் ஏலச்சீட்டு என்றுதான் நினைப்பார். (எங்கள் பக்கம் ஏலச்சீட்டைக் குறி என்பார்கள், கொஞ்சம் தப்பிக்கலாம். வேலந்தாவளம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் தப்ப முடியாது.)

பற்றுச்சீட்டு என்பது பணம் வாங்கியதற்குக் கொடுப்பது. உறுதிச்சீட்டு கணக்குப்பிள்ளையின் மேசையைச் சேர்ந்தது. ரேஷன் கூப்பன் இரண்டும் இல்லை. அதைக் கொடுத்தால் மட்டும் ரொட்டி கிடைக்காது; காசும் கொடுக்க வேண்டும். காசு மட்டும் இருந்தாலும் கிடைக்காது. இன்ன அளவு வாங்கலாம் என்ற உரிமைதான் அந்தத் துண்டுக் காகிதம். இதனால்தான் மலாயாவின் வாழைமர நோட்டையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். ஜப்பானியர் அச்சடித்த அந்தப் பத்து டாலர் நோட்டு, தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பியவர்களின் தகரப்பெட்டியில் இங்கேயும் கிடைக்கும். ஆனால் அது பணம். மதிப்பு போன பணமாக இருந்தாலும் பணம்தான்.

அளவு என்று வந்ததும் எனக்கு நினைவுக்கு வருவது படி. படியளக்கிற சாமி என்கிறோம், படியளக்கிற மகராசன் என்கிறோம். நெல்லோ அரிசியோ ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போடுவது படியளப்பு. எனவே என் பரிந்துரை: கூப்பனுக்குப் படிச்சீட்டு, கார்டுக்குப் படியட்டை. பங்கீடு என்ற சொல்லில் தவறில்லை, அரசு ஏடுகளில் பழகியதுதான். ஆனால் பங்கீடு கொடுக்கிறவன் பார்வை. படி, வாங்குகிறவன் கைப்பையில் விழுவது.

அட்டைக்கும் சீட்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அட்டை ஆளைச் சொல்லும். சீட்டு அளவைச் சொல்லும். நெதர்லாந்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மூல அட்டை. அதைக் காட்டினால்தான் சீட்டுத் தாள் கிடைக்கும். தலைமறைவாக இருந்தவரால் அட்டையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போக முடியாது, போகாவிட்டால் சாப்பாடு இல்லை. ஆகவே ஒருவரை வீட்டில் ஒளித்துவைப்பது என்றால் அவருக்கான சீட்டையும் தேடுவது என்று அர்த்தம். எதிர்ப்பு இயக்கத்தார் பங்கீட்டு அலுவலகங்களில் புகுந்து அட்டைகளையும் சீட்டுத் தாள்களையும் அள்ளிக்கொண்டு போனது இதற்காகத்தான். 1944இல் ஜெர்மானியர் இரண்டாவது மூல அட்டை என்று புதிதாக ஒன்றைப் புகுத்தியதும் ஒளிந்திருப்பவர்களை மடக்கத்தான். எல்லாவற்றையும் 'கூப்பன்' என்று ஒரே கூடையில் போட்டால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

என்னிடம் அந்த நாட்டுத் தாள் ஒன்று இருக்கிறது. கட்டம் கட்டமாக எண் போட்ட சீட்டுகள். பாதிக்கு மேல் கத்தரித்துப் போய், பல் விழுந்த வாய் போல நிற்கிறது. போன வாரம் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இது மட்டும் ஏன் கத்தரிக்காம நிக்குது? அந்த வாரம் கடையில சரக்கு வரலையா?" என்று கேட்டார். சேகரிப்பாளர்கள் வெட்டாத சீட்டுக்குத்தான் விலை கூடுதலாகக் கொடுப்போம். அது யாரோ வாங்காமல் விட்ட சாப்பாடு என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. சரக்கு வராமலும் இருந்திருக்கலாம். அங்கே எந்த எண்ணுக்கு எந்தச் சரக்கு என்று அவ்வப்போது செய்தித்தாளில் அறிவிப்பார்கள், அந்த எண்ணை அழைக்காமலே விட்டிருக்கலாம். ஆனாலும் அம்மாவின் கேள்வியிலிருந்தே இரண்டு சொல் எடுத்துக்கொண்டேன்: அளந்த சீட்டு, அளக்காத சீட்டு. பயன்படுத்தியது, பயன்படுத்தாதது என்று எழுதுவதைவிட இது மேல்.

அடுத்து 'ஆக்கிரமிப்பு'. நம் ஊரில் இது ஓடைப் புறம்போக்கில் கடை கட்டுவதற்கும் ஆகும் என்று கேலி செய்திருந்தார்கள். இருக்கட்டும், வேறு நல்ல சொல் இல்லை. ஆனால் 'ஆக்கிரமிப்புப் படை வெளியிட்ட' என்று மட்டும் எழுதாதீர்கள். நெதர்லாந்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது 1939 அக்டோபரில். ஜெர்மன் படை நுழைந்தது 1940 மே மாதம். ஏற்பாடு அந்த நாட்டு அலுவலகத்துடையது, மேலே உட்கார்ந்தவன் மாறினான். பிரான்சிலும் சீட்டை வெளியிட்டது பிரெஞ்சு நிர்வாகம்தான். அங்கே வயதையும் வேலையையும் பார்த்து எழுத்து கொடுத்திருந்தார்கள், பதின்வயதினருக்கு 'ஜே3'. பிறகு அந்த வயதுப் பிள்ளைகளுக்கே அது பட்டப்பெயராகிவிட்டது. படை போன பிறகும் ரேஷன் போகவில்லை, 1949 வரை இழுத்தது. ஆகவே 'ஆக்கிரமிப்புக் காலப் படிச்சீட்டு' என்று காலத்தைச் சொல்வதே சரி.

நம் பக்கத்துப் பழைய ரேஷன் காகிதங்களை இதில் கலக்கவும் வேண்டாம். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா அப்போது கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1942இல் ரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி நின்றதும் கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் ரேஷன் வந்தது, குச்சிக்கிழங்கு தின்று காலம் தள்ளினார்கள். அவை போர்க்காலப் படியட்டைகள். பஞ்சம் உண்டு, அயல்படை இல்லை.

கடைசியாகப் போலி. இங்கே மூன்று சொல் தேவைப்படுகிறது. அந்தக் காலத்தில் பசிக்காகவும், ஒளிந்திருப்பவருக்காகவும் திருட்டுத்தனமாக அச்சடித்தது கள்ளச்சீட்டு. இதைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அருங்காட்சியகங்களில் நினைவுப்பொருளாக விற்பது நகல். நம்மை ஏமாற்ற இப்போது அடிப்பது போலி. நானும் ஒரு முறை இணையத்தில் போலியை வாங்கிவிட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் பல நிறப் புள்ளி, இந்தக் கால நிற அச்சின் அடையாளம். கடைக்காரர்கள் ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கைக் காட்டினேன், தாள் வெள்ளை வேட்டி போலப் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிரவைக்கும் வெளுப்புப் பொருள் காகிதத்தில் பரவலாகச் சேர்ந்தது போருக்குப் பிறகு. விற்றவருக்கு எழுதினேன். பதில் இல்லை.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

மறு:

ஐயா, வணக்கம். நகரியிலிருந்து எழுதுகிறேன். படிச்சீட்டு அரிசிக்கும் ரொட்டிக்கும் பொருந்துகிறது. துணிக்கு? ஜெர்மனியில் 1939 நவம்பரில் ஆளுக்கு 100 புள்ளி போட்ட துணி அட்டை கொடுத்தார்கள், அவர்கள் கைப்பற்றிய நாடுகளிலும் துணி, காலணி, சோப்பு, நிலக்கரி என்று எல்லாவற்றுக்கும் சீட்டு இருந்தது. எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. துணியைப் படியில் அளந்து நான் பார்த்ததில்லை!

மறு:

அம்மா, நல்ல அடி. பஞ்சப்படியையும் பயணப்படியையும்கூட யாரும் படியில் அளப்பதில்லை. கொடுக்க வேண்டிய அளவு என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு முன்பே வந்துவிட்டது. எனவே பொதுப்பெயராகப் படிச்சீட்டு நிற்கட்டும். துணிக்கு மட்டும் புள்ளிச்சீட்டு என்று தனியாக வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். எல்லாச் சீட்டையும் கத்தரித்த பிறகு சுற்றிலும் ஓரம் மட்டும் சட்டம் போல மிஞ்சுமே, அதற்கு என்ன சொல்வது?

மறு:

கரை என்போம் ஐயா. வேட்டிக்கும் சேலைக்கும் அதுதானே.

மறு:

கரைத்தாள். எழுதிக்கொண்டேன். முழுக்க அளந்து முடித்த தாளை யார் எடுத்துவைத்திருப்பார்கள்? என்னிடம் ஒன்றுகூட இல்லை. யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பெயர்ச்சீட்டு தயார்.